போத்தல் கழுவிய மணல்

ரெம்பாவ் பாசாரில் கீரை வாங்கிக்கொண்டு நின்றபோதுதான் செய்தி வந்தது. தேங்காய் விற்கிறவன் சிரம்பான் பக்கத்து ராசா என்கிற ஊரில் பெண் எடுத்தவன். காயைத் துருவிக்கொண்டே சொன்னான்.

“தாத்தா, உங்க தோட்டத்து ஆளு ஒருத்தரு போயிட்டாராம் லா. ராசாவுல. அந்த மணல் சவரி.”

“யாரு?” என்றேன்.

“அதான் தாத்தா, கொம்னிஸ் காலத்துல இஞ்சின்ல மணல அள்ளிப் போட்டுட்டு உள்ள போனாரே. உங்களுக்குத் தெரியாதா?”

எனக்கா தெரியாது! கீரைக்கட்டை அவன் தேங்காய்க் குவியல்மேலேயே வைத்துவிட்டு பஸ் ஏறினேன். அவனைத் திட்டவில்லை. அவன் பிறக்கும் முன்பே கட்டிவிட்ட பொய் அது. ஆனால் ஒரு மனிதன் செத்த செய்திகூட அவன் பெயரோடு வராமல் அவன்மேல் போட்ட பழியோடு வந்தால் வயிறு எரியாதா? பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்துவிட்டது. வீட்டு முன்னால் கூடாரம் போட்டு, நாற்காலி போட்டு, ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். நல்ல சட்டை, நல்ல குரல். சவரிமுத்து அண்ணனை ஒரு நாள்கூடப் பார்த்திருக்க மாட்டார். “அன்னாரது வாழ்வில் ஒரு சோதனை வந்தது. பொறுமையோடு ஏற்றார். தமக்குத் தீங்கு செய்தவர்களை மன்னித்தார். கோபம் என்பதே அறியாதவர்” என்றார். சனம் தலையை ஆட்டியது. நான் எழுந்து, “ஐயா, நீங்க வேற வீட்டுக்கு வந்துட்டீங்க” என்றேன். அண்ணன் மகன் பிலிப்பு ஓடிவந்து என் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

அவரை அறிந்தவர்கள் ஆளுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும், நினைவு மலராக அச்சுப் போடப் போகிறோம் என்று பிறகு கேட்டார்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர், “பெரியவரே, கொஞ்சம் சாந்தமா” என்கிறார். சாந்தமாகச் சொல்ல வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். எழுதுகிறார்.

கோபம் அறியாதவராம்! கோலா சாவாவுக்கு உள்ளே இருந்த எங்கள் தோட்டத்தில் சவரி அண்ணன் வாய்க்குப் பயப்படாத, எங்களை வேலை வாங்குகிற மண்டோர் கிடையாது. அவர் ரப்பர் ஸ்டோரில் இஞ்சின்காரர். பாலை உறைய வைத்து, உறைந்த கட்டியை உருளைகளுக்கு நடுவே விட்டுத் தகடாக்குவோம். அந்த உருளைகளைச் சுற்றுவது அவருடைய இஞ்சின். நான் உருளையில் வேலை பார்த்தேன். பெல்ட் கழன்றால் எங்களைத் திட்டுவார், புகை வந்தால் எண்ணெயைத் திட்டுவார், திட்ட ஒன்றுமில்லாத நாளில் இஞ்சினையே காலால் ஓர் உதை விட்டு, “என்னாடி, இன்னிக்கு ஒழுங்கா இருக்கே, காய்ச்சலா?” என்பார்.

ஆயுத பூசைக்கு ஸ்டோரில் எல்லா மிசினுக்கும் பொட்டு வைப்போம். அண்ணன் வேதக்காரர், ஆனாலும் பூசணிக்காயை அவர்தான் உடைக்க வேண்டும், இல்லாவிட்டால் இஞ்சின் கோவித்துக்கொள்ளும் என்று பெண்கள் விடமாட்டார்கள். உடைப்பார். ஆனால் குங்குமத் தட்டோடு யாராவது இஞ்சின் பக்கம் போனால் குறுக்கே வந்து நின்றுகொள்வார். எண்ணெய் ஊற்றும் துளைக்கெல்லாம் முதலில் துணியை அடைத்துவிட்டுத்தான் வழி விடுவார். “நெத்தியில வை தாயி, எவ்வளவு வேணும்னாலும் வை. காதுல வைக்காத. காதுல தூளு போச்சுன்னா உன் சாமியும் காப்பாத்தாது, என் சாமியும் காப்பாத்தாது.” பெண்கள் சிரிப்பார்கள். அப்படிப்பட்டவர்தான் இஞ்சினில் மணலை அள்ளிப் போட்டாராம். நம்புங்கள்.

அவசரகாலம் வந்தது. காட்டுக்குள் இருந்த கொம்னிஸ்காரர்கள் ராத்திரியில் ரப்பர் மரங்களை வெட்டுவதும் லோரியைக் கொளுத்துவதுமாக இருந்தார்கள். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டு எங்களை உள்ளே வைத்தார்கள். வேலைக்குப் போகும்போது சோற்றுப் பொட்டலம் கொண்டுபோக விடமாட்டார்கள், காட்டுக்காரனுக்குக் கொடுத்துவிடுவோமாம். அதற்கு முன்னால் தொழிலாளர் சங்கம் இருந்த காலத்தில் அண்ணன் கூட்டத்தில் எழுந்து சம்பளத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசியிருந்தார். சங்கத்தைத் தடை செய்தபோது சங்கம் போய்விட்டது, அவர் பேசியது மட்டும் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை மனத்தில் தங்கிவிட்டது.

அந்த வருசம் இஞ்சின் தண்டைத் தாங்குகிற பேரிங் தேய்ந்துகொண்டே வந்தது. அதற்குள்ளே ஈயம் பூசியிருப்பார்கள். அது தேய்ந்தால் தண்டு ஆடும். ஆட்டம் எங்கள் காலுக்கே தெரிந்தது, சிமெண்டுத் தரை நடுங்கியது. அண்ணன் துரையிடம் போய்ப் போய்ச் சொன்னார். ஆபீசில் கணக்கு எழுதுகிற பெரிய கிராணி நடுவில் நின்று இங்கிலீசில் சொல்வார். துரை ‘அடுத்த மாசம்’ என்பார். கடைசியாகப் போனபோது நானும் வாசலில் நின்றேன். அண்ணன் படி இறங்கி வந்து, “டேய் மாரி, இவன் பொண்டாட்டி செத்தாக்கூட அடுத்த மாசம்தான் பொதைப்பான் போல” என்றார். கிராணி காதிலும் விழுந்திருக்கும்.

ஒரு நாள் காலையில் வேலை நடுவே இஞ்சின் ஓலமிட்டு நின்றது. பேரிங் வெந்து பிடித்துக்கொண்டது. பால் வாளி வாளியாக நின்று நாறியது. சிரம்பானிலிருந்து வெள்ளைக்கார இஞ்சினியர் வந்தார். பார்த்தார், மோந்தார், கொஞ்சம் எண்ணெய் எடுத்து அனுப்ப வேண்டும் என்றார். கோலாலம்பூரில் ஒரு கூடத்தில் அதை எரித்துச் சாம்பலாக்கி, சாம்பலில் என்ன என்ன உலோகம், எவ்வளவு துளி என்று பார்ப்பார்களாம். ஈயம் இருந்தால் தேய்மானம். மணலோ இரும்புத் தூளோ இருந்தால் யாரோ வெளியிலிருந்து போட்டது. யாரோ போட்டது என்று வந்தால் துரைக்கு நல்லது. ‘அடுத்த மாசம்’ என்று சொன்னதை அப்புறம் யாரும் கேட்கமாட்டார்கள்.

எண்ணெயை எப்படி எடுக்க வேண்டும் என்று இஞ்சினியர் கிராணியைப் பார்த்து வெகுநேரம் பேசினார். கையால் கலக்கிக் காட்டினார், குலுக்கிக் காட்டினார், போத்தல் வாயை மோந்து காட்டினார். துரைமார் ஒரு முழம் பேசுவார்கள், கிராணி அதில் விரற்கடை கிழித்து எங்களுக்குக் கொடுப்பார். அன்றைக்கும் அதுதான் நடந்தது. இஞ்சினியர் முடித்ததும் கிராணி திரும்பி, “சவரி, ஒரு போத்தல நல்லா சுத்தமா கழுவி எண்ணெய் புடிச்சுக் கொடு” என்றார். அவ்வளவுதான்.

“அவ்வளவு பேசினாரே ஐயா, இவ்வளவுதானா?” என்று அண்ணன் கேட்டார்.

“உனக்கு இவ்வளவு போதும்லா. சுத்தமா இருக்கணும். அழுக்குப் போத்தல்ல அனுப்பி மானத்தை வாங்கிடாத.”

நல்லா சுத்தமா. தோட்டத்தில் பிறந்தவர்களிடம் கேளுங்கள், சுத்தம் என்றால் என்ன என்று. செங்கல் தூள்! குத்துவிளக்கு, சோற்றுப் பானை, குண்டான், எல்லாவற்றுக்கும் செங்கல் தூளும் மணலும்தானே. வாய் குறுகிய போத்தல் என்றால் கை போகாது, அதனால் உள்ளே ஒரு பிடி மணலும் செங்கல் தூளும் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்குவோம். எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். அண்ணன் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரிடம் பழைய மருந்துப் போத்தல் ஒன்று வாங்கி, பைப்படியில் குந்தி, குலுக்கு குலுக்கு என்று குலுக்கினார். தண்ணீர் ஊற்றி அலசினார், வெயிலில் பிடித்துப் பார்த்தார். “துரை இதுல பிராந்தி குடிக்கலாம்லா” என்று என்னிடம் காட்டினார். வேலிக் கம்பில் கவிழ்த்துக் காயவைத்தார். பிறகு இஞ்சினின் அடித்தொட்டியைக் குச்சியால் கலக்கிவிட்டு எண்ணெய் பிடித்து, தக்கை அடித்து, மெழுகு உருக்கி வாயை மூடினார். நான் பக்கத்திலேயே நின்றேன். எண்ணெயில் அவர் எதையும் போடவில்லை. கண்ணாடியின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த நாலு பொடி மணல்தான் அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அதற்குள் இஞ்சினைப் பிரித்துவிட்டார்கள். எண்ணெயை வடித்துப் பீப்பாயில் ஊற்றிப் பின்பக்கம் வைத்தார்கள்.

பிறகு ஒரு காலை, பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட நாங்கள் வரிசையில் நின்றபோது ஜீப்பு வந்தது. இன்ஸ்பெக்டர், துரை, கிராணி மூவரும் முன்னால் நின்றார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு தாளைப் பார்த்துச் சொன்னார், கிராணி தமிழில் சொன்னார். எண்ணெயில் மணலும் சிவப்புத் தூளும் இருக்கிறது. இஞ்சினைக் கெடுக்க வேண்டுமென்றே போட்டிருக்கிறார்கள். இஞ்சினைத் தொடுகிறவன் ஒருவன்தான். சவரிமுத்து, முன்னால் வா.

அண்ணன் சிரித்தார். இன்றைக்கும் என் காதில் இருக்கிறது அந்தச் சிரிப்பு. சிரிக்கக் கூடாத இடம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. “ஐயா, ஐயா, அது போத்தல் கழுவுன மணலு! செவப்புத் தூளு செங்கல்லு! நாந்தான் ஐயா போட்டுக் கழுவுனேன்! போத்தலுக்குள்ள போட்டேன், இஞ்சினுக்குள்ள இல்ல! சொல்லுங்க கிராணி ஐயா, இங்கிலீசுல சொல்லுங்க!”

கிராணி சொன்னார். இன்ஸ்பெக்டர் கிராணியைப் பார்த்து ஏதோ கேட்டார். கிராணி துரை முகத்தைப் பார்த்தார், பிறகு தலையை ஆட்டினார். நன்றாக, மேலும் கீழுமாக ஆட்டினார். எங்களுக்கு இங்கிலீசு தெரியாது, ஆனால் தலையாட்டல் எல்லாப் பாசையிலும் ஒன்றுதான். எதற்கு ஆட்டினார் என்பது பல வருசம் கழித்துத்தான் தெரிந்தது.

“நான் பாத்தேன்! மணலு போத்தல்ல கழுவுனது, நான் பக்கத்துல நின்னேன்!” என்று நான் கத்தினேன். மண்டோர் பிடரியில் ஓர் அறை வைத்தார். மறுபடி கத்தினேன், மறுபடி வைத்தார்.

ஜீப்பில் ஏற்றும்போதுதான் அண்ணனுக்கு விசயம் புரிந்தது. சிரிப்பு போய்விட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். “டேய் மாரி! பீப்பா எண்ணெயக் கொட்ட விடாதடா! இன்னொரு போத்தல் எடு! பெட்ரோல்ல கழுவு, மண்ணு தொடாத!” அழவில்லை, சாமியைக் கூப்பிடவில்லை. இன்னொரு போத்தல் என்றுதான் கேட்டார். அது ஒன்றுதான் தன்னைக் காப்பாற்றும் என்று அவருக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

பீப்பாய் பின்பக்கம் இல்லை. பழைய எண்ணெய் எல்லாத் தோட்டத்திலும் எங்கே போகும்? கொசு மருந்துக்காரர்கள் கையில் போகும். மண்ணெண்ணெயோடு கலந்து வடிகாலிலும் சதுப்பிலும் அடிப்பார்கள். நானும் அண்ணன் மனைவி ஆரோக்கியம் அண்ணியும் கொசு மருந்துக் கொட்டகைக்கு ஓடினோம். பீப்பாய் இன்னும் திறக்காமல் நின்றது. பக்கத்தில் மண்ணெண்ணெய் டின்னும் பம்பும் தயாராக இருந்தன. மருந்தடிக்கிறவர் எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இன்னிக்கே அடிச்சு முடிக்கச் சொல்லிட்டாங்க தாயி. பெரிய கிராணியே வந்து சொன்னாரு.”

“ஒரே போத்தல்ண்ணே” என்றார் அண்ணி.

“எனக்கு மூணு புள்ளைங்க.”

“எனக்கும்தான் மூணு.”

அவர் பீடியை எடுத்துக்கொண்டு, “நான் ஒண்ணுக்குப் போயிட்டு வரேன். ரொம்ப நேரம் ஆகும்” என்று மரத்துக்குப் பின்னால் போனார். அந்த மனிதருக்கு நல்ல சாவு வந்திருக்கட்டும்.

போத்தலுக்கு அண்ணி வீட்டில் இருந்த தீர்த்தப் போத்தலை எடுத்து வந்தார். கோயிலிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த தண்ணீரை வீட்டு மூலையில் ஊற்றிவிட்டு, “மாதா கோவிச்சுக்க மாட்டா, அவளுக்கும் புருசன் இருந்தான்” என்றார். லோரிக்காரச் சீனரிடம் கொஞ்சம் பெட்ரோல் வாங்கிப் போத்தலை மாற்றி மாற்றி அலசினோம். மண்ணைத் தொடவில்லை, துணியைக்கூட உள்ளே விடவில்லை. பீப்பாய் அடியில் படிந்ததெல்லாம் மேலே வரும்படி குச்சியால் கலக்கி, கலங்கிய நிலையிலேயே பிடித்தேன். குலுக்கிப் பார்க்க மேலே இடம் விட்டேன். அந்தப் போத்தலை ஒரு பிள்ளையைத் தூக்குவதுபோல முந்தானையில் சுற்றி அண்ணி எடுத்துக்கொண்டார்.

கேட்டில் காவல் நின்ற மலாய்க்காரர் முந்தானையைப் பிரிக்கச் சொன்னார். போத்தலைத் திறந்து மோந்து முகத்தைச் சுளித்தார். “மிஞ்ஞாக்” என்றேன். “மாக்கானா?”, சாப்பாடா என்று கேட்டுச் சிரித்தார், போக விட்டார். காட்டுக்காரனுக்குச் சோறு போகக் கூடாது, எண்ணெய் போகலாம்.

சிரம்பான் போலீஸ் நிலையத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். வெயில் இறங்கிய பிறகு உள்ளே விட்டார்கள். அதே இன்ஸ்பெக்டர். தமிழ் தெரிந்த போலீஸ்காரர் ஒருவர் நடுவில் நின்றார். போத்தலை மேசைமேல் வைத்தோம். இதைச் சோதித்துப் பாருங்கள், மணல் இருந்தால் எங்களையும் பிடித்துப் போடுங்கள் என்றேன். இன்ஸ்பெக்டர் போத்தலைத் தொடவே இல்லை.

“இது அந்த இஞ்சின் எண்ணெய்தான்னு யார் சொல்றது, வேற எங்கயாவது புடிச்சிருப்பீங்கன்னு கேக்கறாரு” என்றார் போலீஸ்காரர்.

ஆரோக்கியம் அண்ணி ரெண்டு கையையும் மேசையில் ஊன்றினார். “மொதப் போத்தல் அந்த இஞ்சின் எண்ணெயின்னு யாரு சொன்னா? எம் புருசந்தான சொன்னான்? அவன் கையாலதான புடிச்சுக் கொடுத்தான்? அத நம்பித்தான அவனையே புடிச்சு வச்சிருக்கீங்க? அவன் கை பொய்யின்னா அந்தப் போத்தலும் பொய்யி. அவன் கை நெசம்னா வாயும் நெசம். கேளுங்க அவரை!”

போலீஸ்காரர் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். பிறகு முழுவதையும் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் இன்ஸ்பெக்டர் முகம் சிவந்தது. ஏதோ ஒரு சொல் சொல்லிக் கையை வெளியே காட்டினார். போலீஸ்காரர் போத்தலை எடுத்துக்கொண்டுபோய், எங்கள் கண் முன்னாலேயே நிலையத்து வடிகாலில் கவிழ்த்தார். “போங்கம்மா, போயிடுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்” என்றார். அந்த வடிகாலிலும் கொசு இருந்திருக்கும்.

இதைத்தான் நான் இத்தனை வருசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், காது கொடுத்தவன் இல்லை. எங்கள் கை பிடித்த எண்ணெய் எங்கள் கழுத்தை அறுக்குமானால் அது சாட்சி. அதே கை பிடித்த எண்ணெய் எங்களைக் காப்பாற்றுமானால் அது சாக்கடைக்கு.

அண்ணனை விசாரணை இல்லாமல் தடுப்பு முகாமில் போட்டார்கள். அண்ணியையும் பிள்ளைகளையும் லயத்தை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். ராசாவில் அண்ணியின் தங்கை வீட்டில் ஒண்டினார்கள். முகாமில் அண்ணனிடம் ஒரு தாளை நீட்டினார்களாம். மணல் போட்டது நான்தான் என்று கையெழுத்துப் போட்டுவிடு, குடும்பத்தோடு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுகிறோம், வெளியே வந்துவிடலாம் என்றார்களாம். அண்ணன் பிறந்தது எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில். இந்தியாவைப் படத்தில்தான் பார்த்திருப்பார். என்ன சொன்னீர்கள் என்று பின்னால் கேட்டேன். “பேனாவ வாங்கி மேசையில குத்திட்டேன். முனை ஒடைஞ்சிருச்சு. அதுக்கு ரெண்டு நாளு சோறு இல்ல” என்றார். முகாமில் அவரோடு இருந்தவர்களில் சிலர் கையெழுத்துப் போட்டு முன்னாலேயே வெளியே வந்தார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இவர் உள்ளேயே கிடந்தார், ஒரு பெயருக்காக. பொறுமையோடு ஏற்றாராம்!

விட்ட பிறகும் தோட்டத்துக்குள் அவரைச் சேர்க்கவில்லை. ராசாவில் ஒரு சீனத் தவுக்கேயின் மோட்டார் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். பெயர் அவருக்கு முன்னாலேயே அங்கே போய் உட்கார்ந்திருந்தது. தோட்டத்தில் கிளம்பிய பேச்சு, லயம் லயமாகப் போய், கல்யாண வீடு, காரிய வீடு என்று சுற்றி, ‘மணல் சவரி’ ஆகிவிட்டது. சொன்னவர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை, நம்மவர்கள்தான். சில பேர் பெருமையாகவே சொன்னார்கள், துரை இஞ்சினையே கவுத்த ஆளு என்று. அது அவரை இன்னும் சுட்டது. “செய்யாத வீரத்த எனக்கு ஏண்டா குடுக்குறீங்க?” என்பார்.

ஒருமுறை பட்டறையில் நான் இருந்தபோது ஒரு பஸ் டிரைவர் எண்ணெய் மாற்ற வந்தார். “அண்ணே, நம்ம வண்டிக்கு மணல் எத்தனை கரண்டி?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்து எண்ணெயை முழுக்கத் தரையில் திறந்துவிட்டார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, “இப்ப ஒரு கரண்டியும் இல்ல. தள்ளிக்கிட்டுப் போ” என்றார். தவுக்கே தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் வேலையை விட்டு நிறுத்தவில்லை.

பெரிய கிராணி அவரைத் தேடி வீட்டுக்கு வந்த நாளிலும் நான் அங்கே இருந்தேன். கிராணி ஓய்வு பெற்றுவிட்டார், தலை பஞ்சாக வெளுத்திருந்தது. ஒரு கூடை ஆரஞ்சுப் பழத்தோடு வாசலில் நின்றார். அண்ணி உள்ளே கூப்பிடவில்லை, போகவும் சொல்லவில்லை. கிராணியே பேசினார்.

“சவரி, ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். அன்னிக்கு இஞ்சினியர் போத்தல பெட்ரோல்ல மட்டும் கழுவச் சொன்னாரு. மண்ணு, சோப்பு, துணி எதுவும் படக் கூடாதுன்னாரு. நான் சொல்லல. இன்ஸ்பெக்டர் கேட்டப்ப, எல்லாம் சொன்னேன்னு தலைய ஆட்டிட்டேன். துரை பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறம்… அந்தத் தாள்ல ஈயமும் நெறைய இருக்குன்னு போட்டிருந்தது. பேரிங் ஈயம். தானா தேஞ்சதுன்னு அதுலயே தெரியும். பெரட்டுல அத யாரும் வாசிக்கல.”

அண்ணன் நாற்காலியை விட்டு எழவில்லை.

“இதச் சொல்லத்தான் வந்தீங்களா?”

“மன்னிச்சிரு சவரி. எனக்கும் வயசாச்சு. நிம்மதியா போகணும்.”

“ஏன் ஐயா, பெரட்டுல எத்தன பேரு நின்னாங்க? அத்தன பேரு முன்னால தலைய ஆட்டுனீங்க. இப்ப என் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, என் காதுல மட்டும் சொல்றீங்க. எனக்குத்தான் தெரியுமே ஐயா, நான் மணல் போடலன்னு. எனக்கு எதுக்குச் சொல்றீங்க?”

“நான் என்ன செய்யணும், சொல்லு.”

“அந்தத் தோட்டத்து ஆளுங்க இங்கதான இருக்காங்க, ராசாவுல, ரந்தாவுல, ரெம்பாவ்ல. வீடு வீடா போங்க. ‘நான் சொல்லாம விட்டேன், அவன் போடல’ன்னு சொல்லுங்க. எல்லா வீட்டுக்கும் போயிட்டு வாங்க. அப்புறம் மன்னிப்பப் பத்திப் பேசலாம். பழத்த எடுத்துக்கிட்டுப் போங்க.”

கிராணி போனார், பழக்கூடையோடு. ஒரு வீட்டுக்கும் போகவில்லை. கொஞ்ச காலத்தில் செத்தும் போனார், அவர் கேட்ட நிம்மதியோடு போனாரோ என்னவோ. அண்ணன் அவரைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. துரையை மன்னிக்கவில்லை, இன்ஸ்பெக்டரை மன்னிக்கவில்லை. கூடாரத்தில் பேசிய ஐயாவுக்கு இது தெரியட்டும். மன்னித்தார் என்று சொல்லி இன்னொரு தடவை அவர் வாயை அடைக்காதீர்கள்.

அடக்கம் முடிந்த அன்று எல்லாரும் போன பிறகு பிலிப்பு என் பக்கத்தில் உட்கார்ந்தான். “சித்தப்பா, அப்பா போயிட்டாரு. பழசெல்லாம் கிளற வேணாமே லா. பேரப்பிள்ளைங்களுக்கு அந்த முகாம் கதையே தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.” நல்ல பிள்ளை, என் மடியில் வளர்ந்தவன். ஆனாலும் சொன்னேன். “டேய், முகாம் கதை தெரியாம இருக்கலாம். மணல் சவரிங்கற பேரு தெரியாம இருக்குதா? ரெம்பாவ்ல தேங்கா விக்கிறவனுக்கு அது தெரியுது. உன் பேரப்பிள்ளைக்கு ஒரு நாள் அவன் சொல்லுவான். அப்ப நீ இருக்கமாட்ட.”

அண்ணன் விட்டுப் போனதில் என்னிடம் இருப்பது அவருடைய கோபம்தான். வேறு யாரும் எடுத்துக்கொள்ள முன்வரவில்லை, நான் எடுத்துக்கொண்டேன். கிராணி செய்யாத வேலையை நான் தொடங்கியிருக்கிறேன். பஸ் ஏறி, எங்கள் லயத்து ஆட்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று விசாரித்துப் போய்க் கதவைத் தட்டுகிறேன். முதல் வீடு மட்டும் லயத்து ஆள் வீடு இல்லை, அந்தத் தேங்காய்க்காரன் வீடு. வாசலிலேயே நின்று முழுவதையும் கேட்டான். சென்ற வாரம் ரந்தாவில் ஒரு வீட்டில் ஒரு பெண் கதவைத் திறந்தாள். பெரட்டில் என் பிடரியில் அறைந்தாரே மண்டோர், அவருடைய பேத்தி. யாரைத் தேடுகிறீர்கள் என்றாள். உன் தாத்தாவை என்றேன்.

“தாத்தா எப்பவோ செத்துட்டாரே.”

“அப்ப நீ கேட்டுக்கம்மா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.